14 வாரம் நிறைவதற்குள் என்டி ஸ்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான குறிப்புகள் வந்தால் கத்தரித்து எடுத்து, தெருவில் முழுகாமல் இருக்கிற பிள்ளைகளிடம் கொடுப்பது என் வழக்கம். குழந்தை இந்த வாரம் எந்தப் பழத்தின் அளவு, என்ன கீரை சாப்பிடலாம், எப்படிப் படுக்கலாம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் மூன்றாம் மாதம் முடிகிற அந்த இரண்டு மூன்று வாரத்தில் எதைக் கட்டாயம் செய்தாக வேண்டும், எதை விட்டால் பிறகு செய்யவே முடியாது என்பதை மட்டும் யாரும் உடைத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுங்கள்.

நம் ஊரில் மூன்று மாதம் என்றாலே எல்லோருக்கும் ஒரே நினைப்பு, அது தாண்டிவிட்டால் கண்டம் தாண்டிய மாதிரி. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம், அப்புறம் நல்ல டாக்டராப் பாத்துக்கலாம்" என்று மாமியார் சொல்வார், அம்மாவும் அதையே சொல்வார். அந்த மூன்று மாதத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் வம்பே இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணக்கு கடைசியாகத் தலைக்குளித்த, அதாவது மாதவிலக்கு தொடங்கிய, முதல் நாளிலிருந்து தொடங்கும். வீட்டுக் கணக்கோ நாள் தள்ளிப் போன மாதத்திலிருந்து. இரண்டுக்கும் நான்கு வாரம் வித்தியாசம்.

ஒரு பெண் ஜனவரி 1ஆம் தேதி தலைக்குளித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியில் வர வேண்டியது வரவில்லை. வீட்டில் அங்கிருந்து மூன்று மாதம் எண்ணி, ஏப்ரல் கடைசியில் "மூணு முடிஞ்சாச்சு" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அப்போது அவளுக்கு ஏறக்குறைய 17 வாரம். ஆனால் குழந்தையின் பின்கழுத்தை அளந்து பார்க்கிற என்டி ஸ்கேன் என்று ஒன்று எடுக்க வேண்டும், அதற்கான காலம் 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும் மட்டும்தான். இவளுக்கு அது மார்ச் 19லிருந்து ஏப்ரல் 8 வரை. மொத்தமே மூன்று வாரம்! வீட்டார் நல்ல நாள் பார்த்துக் கிளம்புவதற்குள் அது கடந்து போயிருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்கள் என்றால் இந்தக் கணக்கும் உதவாது, ஆரம்பத்தில் எடுக்கிற முதல் ஸ்கேனில் கருவின் நீளத்தைப் பார்த்து டாக்டர் குறித்துக் கொடுக்கிற தேதிதான் கணக்கு, அதனால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அந்த ஸ்கேனில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் கோத்திருக்கும், எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அதன் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அளவு கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் (அறிவு வளர்ச்சி பின்தங்கும் பிறவிக் கோளாறு) மாதிரி குரோமோசோம் கோளாறோ இதயக் கோளாறோ இருக்க வாய்ப்பு கூடுதல் என்று பொருள். 14 வாரத்துக்கு மேல் போனால் அந்த நீர் தானாகவே வடிய ஆரம்பித்துவிடும், அப்புறம் அளந்து பிரயோஜனம் இல்லை, அதனால்தான் இவ்வளவு அவசரம். தலையிலிருந்து புட்டம் வரைக்கும் குழந்தையின் நீளம் 45லிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்குள் இருந்தால்தான் அந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். கூடவே மூக்கெலும்பு தெரிகிறதா, மண்டை ஓடு சரியாக மூடியிருக்கிறதா, வயிற்றுச் சுவர் கூடியிருக்கிறதா, ஒன்றா இரட்டையா, இரட்டை என்றால் இரண்டுக்கும் ஒரே நஞ்சா (நஞ்சுக்கொடியா) தனித்தனியா எல்லாம் பார்க்கிறார்கள். இரட்டைக் குழந்தைக்கு நஞ்சு ஒன்றா இரண்டா என்பது இந்தச் சமயத்தில்தான் நன்றாகத் தெரியும், நாள் போகப் போகக் கண்டுபிடிப்பது சிரமம், ஆனால் பிரசவம் வரைக்கும் எத்தனை தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதே அதை வைத்துத்தான்.

ஸ்கேனோடு, டவுன் சிண்ட்ரோம் மாதிரி கோளாறுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட, டபுள் மார்க்கர் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்கள். அந்த ரிசல்ட்டைப் பார்த்துக் கலங்கிப் போகாத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு பிள்ளை, கல்யாணமாகி முதல் குழந்தை, பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேப்பரில் 1:180 என்று போட்டு, சிவப்பு எழுத்தில் ஹை ரிஸ்க் என்று இருக்கிறது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த மாதிரியே ரிசல்ட் வந்த 180 பேரை வரிசையா நிறுத்துனா, அதுல ஒருத்தர் குழந்தைக்குத்தான் அந்தக் கோளாறு இருக்கும், 179 பேருக்கு இருக்காது" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. பல பரிசோதனைக்கூடங்கள் 1:250ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள், வாய்ப்பு அதைவிடக் கூடினால் சிவப்பு எழுத்து வரும், அவ்வளவுதான். இது வாய்ப்பைச் சொல்லும் பரிசோதனை, நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்லாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் இந்தச் சமயத்திலேயே நஞ்சிலிருந்து துளி எடுத்துப் பார்க்கலாம், அல்லது 15 வாரம் ஆன பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். அதைச் செய்யலாமா வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் முடிவு, டாக்டரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ரிசல்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று கலைத்துவிடுகிற முடிவை எடுக்கக் கூடாது, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

"எங்க வீட்ல சொந்தத்துல கட்டல, எங்களுக்கு எதுக்கு இந்த ஸ்கேன்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. தாயின் வயதோடு அதற்குச் சம்பந்தம் உண்டு, 20 வயதில் சுமார் 1,500 பேருக்கு ஒருவர், 35இல் சுமார் 350 பேருக்கு ஒருவர், 40இல் சுமார் 100க்கு ஒருவர் என்கிற கணக்கில் கூடிக்கொண்டே போகும். அதற்காகச் சின்ன வயதுப் பெண்களுக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது, பிள்ளை பெறுகிறவர்களில் அவர்கள்தானே அதிகம். மாமன் மகனையோ அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இரு பக்கமும் ஒரே குறை ஒளிந்திருந்து குழந்தைக்கு வருகிற வேறு பரம்பரை நோய்கள் உண்டு, அதற்குப் பார்க்க வேண்டியது தனி.

ஆணா பெண்ணா என்று கேட்கிற ஆசையை இந்த ஸ்கேன் அறையில் வெளியே எடுக்கவே வேண்டாம். 1994ஆம் வருடத்துச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. ஸ்கேன் சென்டர் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டும் நர்ஸிடம் நைசாக விசாரிக்கிற மாமியார்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லத் தயங்குவதால்தான் பெண்கள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். சிலருக்கு இந்த ஸ்கேனில்தான் துடிப்பு இல்லை என்று தெரிய வரும். வலி இருந்திருக்காது, ஒரு சொட்டு உதிரம் பட்டிருக்காது, சந்தோஷமாகக் குழந்தையைப் பார்க்கப் போனவளுக்கு அந்த அறையில் அப்படி ஒரு சேதி. அதனால் முதல் மூன்று மாத முடிவில் எடுக்கும் ஸ்கேனுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, கணவன் ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போக வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை தங்குவதில்லை, அதில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள்ளேயே போய்விடுகின்றன, பாதிக்குப் பாதி கருவின் குரோமோசோமில் தொடக்கத்திலேயே ஏற்பட்ட பிழை. குடத்தைத் தூக்கினாய், மாடி ஏறினாய், பைக்கில் போனாய், பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்றாய், கிரகணத்தில் வெளியே வந்தாய் என்று ஆளாளுக்குப் பழி போடுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஓய்வும் நாலு நல்ல வார்த்தையும். வேலைக்குப் போகிறவளாக இருந்தால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: சட்டப்படி, கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தகுதி இருந்தும் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? வெளியே சொல்லவே கூடாது என்று மூடி வைத்தால் யாரிடம் போய் லீவு கேட்பாள்? ரத்தம் நெகட்டிவ் குரூப்பாக இருந்தால், கரு கலைந்தாலோ உதிரம் பட்டாலோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும், அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பு அது.

நல்லபடியாகத் துடிப்பு பார்த்தாகிவிட்டது, 12 வாரம் தாண்டியாகிவிட்டது என்றால் கலைகிற பயம் நிஜமாகவே வெகுவாகக் குறைந்துவிடும். பெரியவர்கள் சொன்னதில் அந்த மட்டுக்கும் உண்மை இருக்கிறது.

சரி, உடம்பில் என்ன மாறும்? மசக்கை கொடுமையாக இருப்பது எட்டிலிருந்து பதினோரு வாரம் வரை, அதோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் கர்ப்ப ஹார்மோன் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். பிறகு இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு 12லிருந்து 16 வாரத்துக்குள் வாந்தி விடும், சிலருக்கு ஐந்தாம் மாதம் வரை இழுக்கும், அதுவும் இயல்புதான். திடீரென்று வாந்தி நின்றவுடன் "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சோ" என்று பயந்து வருவார்கள், இந்தச் சமயத்தில் நிற்பது நல்ல சேதிதான். எடை ஒன்றிரண்டு கிலோ குறைந்திருந்தாலும் பதற வேண்டாம். ஆனால் பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட நிற்காமல் வெளியே வருகிறது, நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, அல்லது காபி நிறத்தில் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கிவிட்டது என்றால் அது மசக்கைதானே என்று வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே போய் டிரிப் போட வேண்டும். உதிரம் பட்டாலும், அடிவயிற்றில் விடாமல் வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் போகும்போது எரிந்தாலும் அப்படித்தான்.

கர்ப்பப்பை 12 வாரத்தில் இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே ஏற ஆரம்பிக்கும். மூத்திரப்பையை அமுக்கிக்கொண்டிருந்தது விலகுவதால் ராத்திரி நாலு தடவை எழுந்து போனவர்கள் கொஞ்சம் தூங்குவார்கள். வயிறு மற்றவர்களுக்குத் தெரிய இன்னும் நாளாகும், முதல் குழந்தை என்றால் ரொம்பவே நாளாகும். ஸ்கேன் திரையில் குழந்தை கையைக் காலை ஆட்டுவது நன்றாகத் தெரியும், ஆனால் தாய்க்கு அந்த அசைவு தெரிய முதல் பிரசவத்தில் 18, 20 வாரம்கூட ஆகலாம், அதற்கு முன்னால் துடிப்பு தெரியவில்லையே என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈறில் ரத்தம் வரும், மலச்சிக்கல் வரும். பல் வலித்தால் கர்ப்பம் என்று சொல்லிவிட்டுப் பல் மருத்துவரிடம் தாராளமாகப் போகலாம், நான்காம் மாதத்துக்குப் பிறகு அதற்குத் தோதான காலம்தான். கணவன் மனைவி சேர்ந்திருக்கலாமா என்று வாயைத் திறந்து கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் எல்லோர் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கும். உதிரப் போக்கு, நஞ்சு இறங்கியிருப்பது மாதிரி சிக்கல் இல்லாதவரை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தடை ஒன்றும் இல்லை.

வாந்தி நின்றதும் "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புவார்கள். முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் சாப்பாடே தேவைப்படாது, நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்கு. வழக்கமான சாப்பாட்டோடு ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கை நிலக்கடலை, ஒரு பழம் சேர்த்தால் அதில் பெரும்பங்கு வந்துவிடும். குங்குமப்பூவுக்குக் கொடுக்கிற காசை முட்டைக்கும் பயறுக்கும் கொடுங்கள், நிறம் அதனால் மாறப் போவதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, நான்காம் மாதத்திலிருந்து இரும்புச் சத்து மாத்திரை தொடங்கும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை இலவசம், கைக்கே வந்து சேர்கிறது, ஆனாலும் இந்த நிலைமை ஏன் என்று வீடு வீடாகப் போனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வீட்டு ஜன்னல் மேடையில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள் என்று பிரிக்காத அட்டை அட்டையாக எடுத்திருக்கிறோம். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிட்டேன் என்பாள் ஒருத்தி, குமட்டுகிறது என்பாள் இன்னொருத்தி, குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று பாட்டி சொன்னதாக ஒருத்தி சொல்வாள். கறுப்பாகப் போவது இரும்பு நிறம்தான், கெடுதல் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போடலாம். டீ, காபியோடு மட்டும் போடவே கூடாது, போட்டது வீண், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஒட்டும். நான்காம் மாதத்தில் கால்சியம் மாத்திரையும் வரும், அதையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று கெடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பூச்சி மாத்திரையும் நான்காம் மாதத்துக்கு மேல்தான், ஒரே ஒரு தடவை.

முந்தைய பிரசவத்தில் பிரஷர் வந்து அவதிப்பட்டவர்கள், ஏற்கெனவே பிரஷரோ சுகரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள் இந்தச் சமயத்தில் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், "எனக்கு ஆஸ்பிரின் மாத்திரை வேணுமா?" என்று. குறைந்த அளவில் 12 வாரத்துக்கு மேல், 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பின்னால் வரும் பிரஷரைத் தடுப்பதில் நல்ல பலன் தரும். தாமதமாகக் கேட்டால் அந்தப் பலன் இல்லை. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

12 வாரத்துக்குள் உங்கள் ஊர் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள், தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினாலும் சரி. பதிவு செய்தால் கிடைக்கிற பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) இல்லாமல் நம் மாநிலத்தில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய், அதற்கும் அந்தப் பதிவுதான் வாசல். மாதா மாதம் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பரிசோதிக்கிற முகாம் 2016இலிருந்து நடக்கிறது, மூன்று முடிந்தவுடன் வருகிற முதல் 9ஆம் தேதிக்குப் போய்விட வேண்டும்.

என்டி ஸ்கேன் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது, வேறு ஊருக்கு எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிற பெண்களுக்கு ஸ்கேனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், கூட வருகிற கணவனுக்கும் கூலி போகும், பஸ் செலவு வேறு. "அடுத்த வாரம் போலாம்" என்று அவர்கள் தள்ளிப் போடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அடுத்த வாரம் என்பது 14 வாரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதனால் பத்தாவது வாரத்திலேயே நாள் வாங்கிவிட வேண்டும். தவறிப் போனவர்கள் மனதை விட்டுவிட வேண்டாம், 15 வாரத்துக்கு மேல் செய்கிற வேறு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, 18லிருந்து 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கிற பெரிய ஸ்கேன் இருக்கிறது, அதையாவது கட்டாயம் எடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மகளிர் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, "கடைசியாகத் தலைக்குளித்த தேதி இதுவானால், இந்தத் தேதிக்குள் என்டி ஸ்கேன்" என்று பன்னிரண்டு மாதத்துக்கும் அச்சடித்து வெளியிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போட்டாலும் போதும். உங்கள் நாளிதழ் டீக்கடைக்கும் சலூனுக்கும் போகிறது, ஆண்கள் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.